க்ளாக் எந்தப் பக்கம்?

பேசுகிறவர் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறார். அந்த இடைவெளியிலும் கம்பியில் ஏதோ போய்க்கொண்டுதான் இருக்கிறது. நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் குரலை எண்ணாக்கும் முறையில் மௌனத்துக்கு உரிய எட்டு பிட் 10000000. அதை அப்படியே அனுப்புவதில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு பிட்டுகளைப் புரட்டி, 11010101 என்று ஆக்கி அனுப்புகிறார்கள். ஜபல்பூர் தொலைத்தொடர்புப் பயிற்சி மையத்தில் இதை முதன்முதலாகக் கேட்ட பிற்பகல் நன்றாக நினைவிருக்கிறது. பாடம் நடத்தியவர் கரும்பலகையில் பூஜ்யங்களாக எழுதிக்கொண்டே போய், "இவ்வளவு நேரம் எதிர்ப்பக்கம் இருப்பவன் என்ன செய்வான்?" என்று இந்தியில் கேட்டார். வகுப்பில் பதில் இல்லை. "எண்ணிக்கை தவறிவிடும்" என்று அவரே சொல்லி, சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

இரண்டு எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் ஒரு 2 எம்பி லைனில் துடிப்புகள் போகும், வரும். அவற்றோடு சேர்த்து நேரம் சொல்லத் தனிக் கம்பி கிடையாது. வருகிற துடிப்புகளின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் வாங்குகிற பக்கம் தாளத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு பிட்டின் நீளம் 488 நானோ வினாடி. துடிப்பே வராமல் பூஜ்யங்கள் தொடர்ந்தால் எட்டுப் பூஜ்யம் போனதா ஒன்பதா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. குரலுக்கு அந்தப் பிட் புரட்டல் போதும். கணினித் தரவு அப்படிக் கருணை காட்டாது. அதற்காகத்தான் லைன் கோடிங் என்ற அமைப்பில் எச்.டி.பி.3. நான்கு பூஜ்யங்கள் அடுத்தடுத்து வந்தால் நான்காவது இடத்தில் வேண்டுமென்றே விதிமீறிய ஒரு துடிப்பை வைப்பார்கள். ஒன்று என்றால் நேர்த்துடிப்பும் எதிர்த்துடிப்பும் மாறிமாறி வர வேண்டும் என்பது விதி. மாறாமல் வந்தால், "இது நிஜமான ஒன்று இல்லை, தாளம் தப்பாமல் இருக்க வைத்தது" என்று அந்தப் பக்கம் புரிந்துகொண்டு அழித்துவிடும். இரண்டு பக்கமும் எச்.டி.பி.3 என்று வைத்திருந்தால்தான் அந்தப் புரிதல் நடக்கும். ஒரு பக்கம் இந்த ஏற்பாடு இல்லாத வெறும் ஏ.எம்.ஐ. என்று இருந்துவிட்டால் வைத்த துடிப்பே பிழையாகிப் போகும்.

ஜபல்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் பேடாகாட் போவோம். நர்மதை அங்கே சலவைக்கல் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடும். தமிழ்நாட்டிலிருந்து போன பெண்கள் சிலர்தான். ஊருக்கு எஸ்.டி.டி. போட இரவு கட்டணம் குறையும்வரை காத்திருந்து பூத் வாசலில் வரிசையில் நிற்போம். எங்கள் குரலும் அப்படி எட்டு எட்டு பிட்டாக நறுக்கப்பட்டுத்தான் சாத்பூரா மலையைத் தாண்டிப் போகிறது என்பது வகுப்பில் படித்ததுதான். ஆனாலும் அம்மா "சாப்பிட்டியா" என்று கேட்கும்போது நினைவுக்கு வராது.

ஒரு வினாடிக்கு 8,000 முறை குரலை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் எட்டு பிட். இரண்டு அளவுகளுக்கு நடுவே 125 மைக்ரோ வினாடி. அந்த 125க்குள் 32 பேருக்கு இடம் போட்டுவிடலாம். 32 எட்டு பிட் சேர்ந்தது ஒரு ஃபிரேம், 256 பிட். வினாடிக்கு 8,000 ஃபிரேம் என்றால் 2,048 கிலோபிட். அதைத்தான் நாங்கள் "2 எம்பி" என்போம், புத்தகம் ஈ1 என்னும். 32இல் பேசக் கிடைப்பது 30. பூஜ்யமாவது இடம் ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல; பதினாறாவது இடம் யார் யாரை அழைக்கிறார்கள், எடுத்தார்களா, வைத்தார்களா என்ற சிக்னலிங்குக்கு.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். 1962இல் சிகாகோ பகுதியில் அவர்கள் தொடங்கிய டி1 லைனில் 24 பேர். 24 எட்டு பிட்டோடு ஃபிரேமுக்கு ஒரே ஒரு பிட் சேர்த்து 193. வினாடிக்கு 1,544 கிலோபிட். சிக்னலிங்குக்குத் தனி இடம் வைக்காமல், பின்னால் வந்த முறையில் ஆறு ஃபிரேமுக்கு ஒருமுறை பேச்சின் கடைசி பிட்டையே எடுத்துக்கொண்டார்கள். காது அந்த இழப்பைக் கண்டுபிடிக்காது. ஆனால் தரவு அனுப்புகிறவர்களுக்கு அந்த எட்டாவது பிட்டை நம்ப முடியாமல் போனது. 64 கிலோபிட் இடத்தில் 56தான் கிடைத்தது. இரண்டு இடத்தைப் பேச்சிலிருந்து ஒதுக்கிவைத்த நம் முறைதான் நேர்மையானது என்று எனக்கு அன்றும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

இந்த யோசனைக்கு மூலவர் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர். 1937இல் பாரிஸ் நகரத்து ஐ.டி.டி. ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது தோன்றியது. மறு ஆண்டு பிரான்சில் காப்புரிமைக்கு எழுதிப்போட்டார். அப்போது டிரான்சிஸ்டரே பிறக்கவில்லை. வெற்றிடக் குழாய்களை அடுக்கித்தான் செய்ய வேண்டும், அது கட்டுப்படியாகாது. கால் நூற்றாண்டு காத்திருந்துதான் அந்த எண்ணம் சாதாரண மனிதர்களின் பேச்சைச் சுமந்தது. 1969இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை பி.சி.எம். என்ற அந்த முறைக்காகவே ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. ஒரு கம்பியில் எப்படித் துடிப்பு போக வேண்டும் என்பதற்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள் என்பது இன்றைக்கும் என்னை மகிழ்ச்சியில் ஆழ்த்தும் செய்தி.

எக்ஸ்சேஞ்சில் எனக்கு இதையெல்லாம் கைப்பழக்கமாக்கியவர் அண்ணாச்சி. மூத்த டெக்னீசியன். ஸ்ட்ரௌஜர் என்ற பழைய இயந்திர எக்ஸ்சேஞ்ச் காலத்து ஆள். செலக்டர் ஏறி இறங்கும் சத்தத்தை வைத்தே எந்த ராக்கில் பழுது என்று சொல்லிப் பழகியவர். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்தபோது அந்தச் சத்தம் எல்லாம் நின்றது. ஏசி ஓடும் ஒரே இரைச்சல். வரிசையாகச் சின்ன விளக்குகள். அவர் அந்த விளக்குகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான். நான் டிகிரியோடு போய் நின்றவள். அவர் என்னிடம் கற்றுக்கொண்டது கொஞ்சம், நான் அவரிடம் கற்றுக்கொண்டது அதிகம்.

"மூணு அலாரந்தாம்மா. மத்தது எல்லாம் இதுக்குள்ள வந்துரும்" என்பார். சிக்னலே வரவில்லை என்றால் கேபிளைப் பார். ஏ.ஐ.எஸ். வந்தால் (விடாமல் ஒன்றுகளாகவே வருவது) கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவழியில் இருக்கும் ஏதோ ஒரு பெட்டி தனக்கு முன்னால் இருந்து ஒன்றும் வராததால், "நான் இருக்கிறேன், எனக்கு அப்பால்தான் போய்விட்டது" என்று சொல்கிறது. மூன்றாவது, எதிர்ப்பக்கத்து அலாரம். நமக்கு அவர்கள் சொல்வது சரியாகக் கேட்கிறது, ஆனால் நாம் சொல்வது அவர்களுக்குக் கேட்கவில்லை என்பதை அவர்கள் பூஜ்யமாவது இடத்தின் ஒரு பிட்டில் வைத்து அனுப்புகிறார்கள். கேட்கவில்லை என்பதைச் சொல்ல ஒரு பிட்டை நிரந்தரமாக ஒதுக்கிவைத்தவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஃபேக்ஸ் கடைக்காரர் வந்ததும் அந்த எக்ஸ்சேஞ்சில்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எஸ்.டி.டி. பூத், ஜெராக்ஸ், ஃபேக்ஸ் மூன்றும் வைத்திருந்தவர். கையில் ஒரு கற்றைத் தாள். கடலோரத்து ஊரிலிருந்து வரும் ஃபேக்ஸில் மட்டும், இரண்டு பக்கத்துக்கு ஒரு பக்கம், எங்காவது ஓரிடத்தில் நான்கைந்து வரி நசுங்கிப்போகிறது. ஏற்றுமதிக்காரர்களின் பில். எண்கள் இருக்கும் இடத்தில் நசுங்கினால் என்ன ஆகும்? மெஷினை மாற்றிப் பார்த்துவிட்டார். லைன்மேன் போய்க் கேபிளைச் சோதித்துவிட்டார். சென்னையிலிருந்து வருவதில் பழுதில்லை. பேசினால் குரல் கண்ணாடி மாதிரி தெளிவு.

அண்ணாச்சி அந்தத் தாள்களை மேசையில் பரப்பி, நசுங்கிய இடங்களுக்கு நடுவே விரலால் அளந்துகொண்டே இருந்தார். பிறகு, "ஒரே மாதிரி எடவெளிம்மா. மழை, காத்து, கேபிள் ஈரம் இதெல்லாம் இப்படி மணி பாத்து வராது" என்றார்.

டெர்மினலில் அந்த ஊருக்குப் போகும் 2 எம்பியைத் திறந்தேன். ஃபிரேம் பிழை இல்லை. அலாரம் இல்லை. ஸ்லிப் என்ற கணக்கு மட்டும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று கூடியது. இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று.

ஸ்லிப் என்றால் ஒரு ஃபிரேம் முழுதாகத் தொலைவது அல்லது ஒரே ஃபிரேம் இரண்டு முறை வருவது. அனுப்புகிறவரின் கடிகாரம் கொஞ்சம் வேகம், வாங்குகிறவரின் கடிகாரம் கொஞ்சம் மெதுவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்ததைப் பிடித்துவைக்கும் பஃபர் மெல்ல மெல்ல நிரம்பும். நிரம்பி வழிகிற நேரத்தில் ஒரு ஃபிரேமை எறிந்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும். மாறி இருந்தால் பஃபர் காலியாகி, போன ஃபிரேமையே மறுபடி கொடுக்கும். இரண்டு கடிகாரத்துக்கும் வேறுபாடு பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அந்த ஒரு பங்குக்கு 125 வினாடிக்கு ஒரு ஸ்லிப். பேச்சில் அது ஒரு சின்ன 'டிக்'. பேசுகிறவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். ஃபேக்ஸ் கவனிக்கும். மோடம் கவனிக்கும். ஒரு பக்கம் போக ஒரு நிமிடம் என்றால் இரண்டு பக்கத்துக்கு ஒரு பக்கம் நசுங்கும். கடைக்காரர் கணக்கு கச்சிதமாக இருந்தது.

"இந்தப் பக்கம் இன்டர்னலு. அந்தப் பக்கமும் இன்டர்னலாத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்க" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு வாத்தியாரும் பாடம் நடத்துதாங்க. கேக்கதுக்கு ஆள் இல்ல."

இன்டர்னல் என்றால் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுவது. எக்ஸ்சேஞ்சுக்காரர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஆர்டர் ஒயரில் அந்த எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன். அங்கே ஒரு குரல். அதுதான் முதல் முறை. "சொல்லுங்க மேடம்." க்ளாக் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் பார்த்துவிட்டு வந்து, "இன்டர்னல்ல இருக்கு மேடம். கார்டு மாத்துனாங்க போன மாசம். அதுல அப்படியே வந்திருக்கும்" என்றார். புதுக் கார்டு எந்த அமைப்போடு தொழிற்சாலையிலிருந்து வருகிறதோ அதோடு உட்கார்ந்துவிடும். அதில் குற்றவாளி என்று யாரும் இல்லை. வருகிற துடிப்பிலிருந்தே நேரம் எடுத்துக்கொள்ளும்படி, லைன் என்று மாற்றச் சொன்னேன். "வைங்க, மாத்திட்டு வரேன்" என்று போனவர் வரும்வரை அந்தப் பக்கத்து ஏசி இரைச்சல் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஸ்லிப் கணக்கு அசையவே இல்லை. கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பினோம். அடுத்த நாள் அவர் சுத்தமாக வந்த ஃபேக்ஸ் தாள் ஒன்றைக் கொண்டுவந்து அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு பக்கமும் இன்டர்னல் என்றால் ஸ்லிப். சரி, பணிவாக இரண்டு பக்கமும் லைன் என்று வைத்துவிட்டால்? அது இன்னும் மோசம். இவர் அவரைப் பார்த்து நேரம் வைப்பார், அவர் இவரைப் பார்த்து நேரம் வைப்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொடர்ந்துகொண்டே சேர்ந்து விலகிப்போவார்கள். அவர்களுக்குள் சண்டை இல்லாததால் அந்த லைனில் பிழை ஒன்றும் காட்டாமலே சில சமயம் போகும். மூன்றாவது ஊரோடு பேசும்போதுதான் வெடிக்கும். அதனால்தான் ஒரு நாட்டின் நெட்வொர்க் முழுக்க யார் யாரிடமிருந்து நேரம் வாங்க வேண்டும் என்று மேலிருந்து கீழாக ஒரு வரிசை. உச்சியில் சீசியம் அணுக்கடிகாரம். அதன் துல்லியம் 10,000 கோடியில் ஒரு பங்கு. இரு நாடுகள் தத்தம் சீசியத்தை மட்டும் நம்பி ஒன்றோடொன்று பேசினால், 70 நாளுக்கு ஒரு ஸ்லிப். உலகம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கம்பி வழியாக நேரம் அனுப்புவது நம் ஊருக்குப் பழைய பழக்கம். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட வானாய்வகத்தின் நேரம்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்களுக்குப் பொது நேரம். மெட்ராஸ் டைம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். தந்திக் கம்பியில் அந்த நேரம் போகும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஊருக்கு ஒரு நேரம், ஸ்டேஷனுக்கு மெட்ராஸ் நேரம். 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி என்று இன்றைய இந்திய நேரம் வந்தது. தந்திக்காரர்களுக்கு நிமிடம் சரியாக இருந்தால் போதும். அவர்கள் வாரிசுகளான எங்களுக்கு 488 நானோ வினாடி சரியாக வேண்டும். கேள்வி ஒன்றுதான்.

அந்தக் கடலோரத்துக் குரலோடு பிறகு நிறைய வேலை வந்தது. புது லைன் போட்டால் ஒப்படைப்பதற்கு முன்னால் பிழைச் சோதனை ஓட வேண்டும். சோதனைக் கருவி 32,767 பிட் நீளமுள்ள ஒழுங்கற்ற வரிசை ஒன்றைத் திரும்பத் திரும்ப அனுப்பும். 2 எம்பியில் அது 16 மில்லி வினாடிக்கு ஒரு சுற்று. எதிர்ப்பக்கம் லூப் போட்டால் நாம் அனுப்பியது நமக்கே வரும். மணிக்கணக்கில் ஓடும். பூஜ்யம் பிழை என்று கருவி காட்டிக்கொண்டிருக்க, ஆர்டர் ஒயரைக் கீழே வைக்க இருவருக்கும் மனசு வராது. அவர் மகள் பிளஸ் டூ எழுதியது, உப்பளத்தில் மழை பெய்து அவர் மாமனாருக்கு நஷ்டம் வந்தது, என் மாமியாரின் கண் ஆபரேஷன் எல்லாம் அந்த ஸ்பீக்கரில் பேசியதுதான். அவரை நான் பார்த்ததே இல்லை.

லூப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் டி.டி.எஃப்பில் போகும் கேபிளையும் வரும் கேபிளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அலாரம் எல்லாம் அணைந்து பச்சை எரியும். புதிதாக வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்து, "நம்ம பக்கம் ஓகே" என்று வைத்துவிடுவார்கள். லூப்பில் கேபிள் நன்றாக இருப்பது தெரியும், கார்டு உயிரோடு இருப்பது தெரியும். ஆனால் லூப்பில் இரண்டு முனையும் நாமே. நம் லைன் கோடிங்கும் நம் லைன் கோடிங்கும் ஒத்துப்போகத்தான் செய்யும். நம் க்ளாக்கும் நம் க்ளாக்கும் ஒன்றுதான். எதிர்ப்பக்கத்தோடு நமக்கு ஒத்துப்போகிறதா என்ற ஒரே கேள்விக்கு லூப் பதில் சொல்லாது. அதற்குத் தொலைபேசியை எடுத்து அவரிடம் கேட்க வேண்டும்.

ஒரு வங்கிக் கிளைக்கு 2 எம்பி கொடுத்தபோது அதைத்தான் பார்த்தேன். நாங்கள் லூப் வைத்துப் பார்த்துவிட்டோம், சுத்தம். அவர்கள் ரவுட்டரில் லூப் வைத்துப் பார்த்துவிட்டார்கள், சுத்தம். சேர்த்தால் அலாரம். அந்தக் கம்பெனி இளைஞர் லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்து, "மேடம், லைன்ல பிரச்சினை" என்றார். எங்கள் பக்கத்தில், "ரவுட்டர் பிரச்சினை" என்றார்கள். இரண்டும் இல்லை. ரவுட்டரில் சி.ஆர்.சி.4 போட்டிருந்தது, எங்கள் மல்டிபிளெக்சரில் போடவில்லை.

ஃபிரேம் தொடங்கும் இடத்தைக் காட்ட 0011011 என்று ஏழு பிட் வைத்திருக்கிறார்கள். ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமில் வரும். கணினித் தரவில் தற்செயலாக அதே ஏழு பிட் அதே இடைவெளியில் வந்துவிட்டால் வாங்குகிற பக்கம் ஏமாந்து, தவறான இடத்தை ஃபிரேமின் தொடக்கம் என்று பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் சி.ஆர்.சி.4. எட்டு ஃபிரேமுக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு 1,000 முறை, அனுப்பியதன் கணக்கைப் போட்டு நாலு பிட்டாக உடன் அனுப்புவது. வாங்கியவர் தானும் கணக்குப் போட்டுப் பார்ப்பார். சரியில்லை என்றால், அதற்கென்று ஒதுக்கிய பிட்டில், "நீ அனுப்பியது அடிபட்டு வந்தது" என்று திருப்பிச் சொல்வார். அனுப்பியவருக்குத் தன் பேச்சு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரிய வேறு வழியே இல்லை. அதனால் நான் எப்போதும் சி.ஆர்.சி.4 போடச் சொல்கிற கட்சி. ஆனால் எதிர்ப்பக்கத்தில் பழைய பெட்டி இருந்து அதற்கு அது தெரியாது என்றால், விட்டுக்கொடுத்து இரண்டு பக்கமும் எடுத்துவிட வேண்டியதுதான். தரையில் உட்கார்ந்திருந்த பையனிடம், "தம்பி, உங்க ரவுட்டர்ல ஃபிரேமிங் என்ன போட்டிருக்கீங்க, படிங்க" என்றேன். அவர் திரையைப் படித்தார். சிஸ்கோ ரவுட்டரில் அந்த இடத்தில் ஆஸ்திரேலியாவுக்கென்று தனியாக ஒரு தேர்வுகூட இருக்கும். நான் ஆர்டர் ஒயரில் எங்கள் ஆளிடம் கார்டில் மாற்றச் சொன்னேன். பையன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அலாரம் போய்விட்டது.

எண்ணிலும் அப்படி ஒரு பொறி உண்டு. டைம்ஸ்லாட் பூஜ்யத்திலிருந்து 31 வரை. பேச்சுச் சானல் 1 முதல் 30 வரை. பதினாறாம் ஸ்லாட் சிக்னலிங்குக்குப் போய்விடுவதால் பதினாறாம் சானல் பதினேழாம் ஸ்லாட்டில் இருக்கும். சில பெட்டிகள் ஸ்லாட்டையே 1 முதல் 32 என்று எண்ணும். "16ல பழுது" என்று ஒருவர் சொன்னால், ஸ்லாட்டா, சானலா, எந்தப் பெட்டிக் கணக்கு என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அண்ணாச்சி டி.டி.எஃப்பில் ஒவ்வொரு 2 எம்பிக்கும் ஒரு அட்டை கட்டித் தொங்கவிட்டிருப்பார். எந்த ஊர், ஃபிரேமிங், சி.ஆர்.சி. உண்டா இல்லையா, 75 ஓம்மா 120 ஓம்மா, க்ளாக் எந்தப் பக்கம், எந்த எண்ணில் ஸ்லாட் தொடங்குகிறது. அழகான கையெழுத்து. அலுவலக ரிஜிஸ்டரை நம்பாமல் அந்த அட்டையை நம்பியவர்கள் நாங்கள் எல்லோரும்.

75க்கும் 120க்கும் தகராறு வந்தால் வித்தியாசமாக இருக்கும். ஒற்றைக் கோஆக்சியல் கேபிளில் 75, முறுக்கிய ஜோடிக் கம்பியில் 120. நடுவில் மாற்றும் பாலன் வைக்காமல் நேராகச் சேர்த்தால் சிக்னலில் ஒரு பங்கு மோதித் திரும்பும். சில மீட்டரில் வேலை செய்துவிடும். அடுத்த அறைக்குக் கேபிளை நீட்டினால் பிழை கொட்டும். வேலை செய்கிறது என்பதற்கும் சரியாக இருக்கிறது என்பதற்கும் உள்ள தூரம் சில சமயம் ஓர் அறைதான்.

மலைப்பக்கத்துக் கிராமங்களில் சி-டாட் ராக்ஸ் வந்த காலத்தையும் பார்த்தேன். 1984இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசு ஆய்வு மையம் நம் வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்றபடி, ஏசி இல்லாமல் ஓடும் 128 முனைச் சின்ன எக்ஸ்சேஞ்சைச் செய்தது. 1986இல் கர்நாடகத்துக் கித்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. பஞ்சாயத்து ஆபீசின் ஓர் அறையில், மேசை உயரப் பெட்டி. மலையேறிப் போய் அதை 30 சானல் யு.எச்.எஃப். ரேடியோவில் இணைப்போம். முதல் மணி அடித்தபோது அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் ரிசீவரை இரண்டு கையாலும் வாங்கினார். நான் க்ளாக் அமைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டிக்குத் தன் நேரம் என்று ஒன்று தேவையில்லை. மேலிருந்து வருகிற லைனைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். மழையில் ரேடியோ அறுந்தால் மட்டும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடும். ஊருக்குள்ளே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் நான்கு 2 எம்பியைச் சேர்த்து 8 எம்பி ஆக்குவார்கள். 2,048ஐ நான்கால் பெருக்கினால் 8,192தான் வரும். ஆனால் லைனின் வேகம் 8,448. மீதி எதற்கு என்று பயிற்சியில் கேட்டிருக்கிறேன். ஃபிரேம் அடையாளத்துக்குக் கொஞ்சம். அதோடு அந்த நான்கும் நான்கு ஊரிலிருந்து வருபவை. ஒவ்வொன்றின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 50 பங்குவரை முன்னே பின்னே இருக்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. யாரையும் திருத்தாமல், அவரவர் நேரத்தோடு ஏற்றிச் செல்ல இடம் விட்டுவைத்திருக்கிறார்கள். இறங்கும் ஊரில் ஒவ்வொன்றும் ஏறியபோது இருந்த தன் வேகத்தோடு இறங்கும். பிற்பாடு எஸ்.டி.எச். என்ற புது முறை வந்து, எஸ்.டி.எம்.-1 என்ற ஒரே லைனில் 63 ஈ1களைத் தூக்கிக்கொண்டு போனது; அதன் அழகு வேறு. ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டில் இருந்த பெருந்தன்மையை நான் மறக்கவில்லை.

இப்போது 2 எம்பி லைன்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. குரல் பாக்கெட்டாகப் போகிறது. பாக்கெட்டுக்குத் தாளம் வேண்டாம், முன்னே பின்னே வந்தாலும் அடுக்கிக்கொள்ளலாம் என்பதால் க்ளாக் என்ற கவலையே ஒழிந்தது என்று சில ஆண்டுகள் எல்லோரும் நினைத்தார்கள். மொபைல் கோபுரம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசவும் கேட்கவும் செய்கிற டி.டி.டி. முறையில், பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் ஒவ்வொன்றும் பொது நேரத்தோடு ஒன்றரை மைக்ரோ வினாடிக்குள் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று கேட்கும் நேரத்தில் மற்றொன்று கத்தும். அதனால் கோபுரத்துக்குக் கோபுரம் ஜி.பி.எஸ். ஆன்டெனா, அது கிடைக்காத இடத்துக்கு, ஃபைபர் வழியே நேரம் அனுப்பும் பி.டி.பி.

அக்காள் மகன் அந்த வேலையில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, ஒரு கோபுரம் மட்டும் இரண்டு மைக்ரோ வினாடி விலகி நிற்கிறது, அமைப்பு எல்லாம் சரி, அலாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். பி.டி.பி. எப்படி நேரம் கணிக்கிறது என்று கேட்டேன். இங்கிருந்து ஒரு செய்தி போகும், அங்கிருந்து ஒரு செய்தி வரும், போய்வந்த நேரத்தைப் பாதியாக்கினால் தூரம் என்றான். "போற ஃபைபரும் வர ஃபைபரும் ஒரே நீளம்னு யாரு சொன்னா?" என்றேன். ஃபைபரில் ஒளிக்கு ஒரு மீட்டர் போக ஏறக்குறைய ஐந்து நானோ வினாடி. ஒரு திசை மற்றதைவிட 800 மீட்டர் நீளமாக இருந்தால், பாதியாக்கிய கணக்கு இரண்டு மைக்ரோ வினாடி தவறும். எந்த மெஷினும் தன் முனையில் இருந்துகொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அவன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தான். நடுவழியில் ஃபைபரை எங்கேயாவது வெட்டி ஒட்டினார்களா, ஒரு ஃபைபர் இழையை மட்டும் வேறு வழியில் சுற்றவிட்டார்களா என்று அந்த முனையில் இருக்கிறவரைக் கேட்டான். "ரெண்டு பக்கமும் ஓ.டி.டி.ஆர். வச்சுத் தனித்தனியா நீளம் எடுத்துரலாம் சார். நீங்க அங்க எடுங்க, நான் இங்க ஆளை அனுப்புறேன்" என்றான். எதிர்ப்பக்கக் குரல் ஸ்பீக்கரில், "சரி தம்பி, ராத்திரி டிராஃபிக் குறைஞ்சதும் எடுத்துருவோம். நீங்க லைன்லயே இருங்க" என்றது.